துருக்கி காக்கஸைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் 'குழு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நிறைய வேலை பார்க்கிறோம். நிலைக்குழுவும் குழு, தூதுக்குழுவும் குழு, விசாரணைக் குழுவும் குழு. அதனால் "துருக்கி உறவுகளுக்கான அமெரிக்க நாடாளுமன்றக் குழு" என்று எங்காவது படித்தால், ஏதோ அதிகாரம் படைத்த அமைப்பு துருக்கி விஷயத்தில் முடிவெடுக்கிறது என்று மனம் நினைத்துக்கொள்கிறது. முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை.

அது காக்கஸ், அதாவது ஒரே விஷயத்தில் அக்கறையுள்ள உறுப்பினர்கள் தாங்களாகச் சேர்ந்து வைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 2001ல் உருவானது. அமெரிக்க-துருக்கி உறவு, அமெரிக்காவில் வாழும் துருக்கியர் நலன் என்று இரண்டையும் சேர்த்தே தன் பெயரில் வைத்திருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஃபுளோரிடாவின் ராபர்ட் வெக்ஸ்லர் ஜனநாயகக் கட்சிக்காரர். கென்டக்கியின் எட் விட்ஃபீல்டும் டெக்சாஸின் கே கிரேஞ்சரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். இரு கட்சியும் சேர்ந்தது என்று சொல்வது இதனால்தான்.

நிலைக்குழுவுக்கு மசோதாவைத் திருத்தும் அதிகாரம் உண்டு, சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் உண்டு. காக்கஸுக்கு இரண்டும் கிடையாது. தனி அலுவலகம் இல்லை, தனி பட்ஜெட் இல்லை. 1995க்கு முன்பு சில காக்கஸ்களுக்கு ஊழியரும் இடமும் இருந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் சபையின் புதிய பெரும்பான்மை அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. இப்போது உறுப்பினர்கள் தங்கள் சொந்த அலுவலக ஊழியரை வைத்தே காக்கஸ் வேலையையும் பார்க்க வேண்டும். ஆகவே "காக்கஸ் உத்தரவிட்டது", "காக்கஸ் ஒப்புதல் தந்தது" என்றெல்லாம் எழுதக் கூடாது. கடிதம் எழுதியது, கூட்டம் நடத்தியது, கையெழுத்து திரட்டியது என்று எழுதினால் சரி.

அடுத்த தவறு, உறுப்பினர் பட்டியலை ஆதரவு வாக்குகளின் பட்டியலாகப் படிப்பது. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இதற்கு இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2007 அக்டோபரில், முதல் உலகப் போர்க் காலத்தில் ஓட்டோமான் துருக்கியில் நடந்த, இனப்படுகொலை என்று துருக்கி ஏற்க மறுக்கும் ஆர்மீனிய இனப்படுகொலையை அங்கீகரிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழுவில் 27-21 என்ற வாக்கில் நிறைவேறியது. வெக்ஸ்லர் எதிர்த்து வாக்களித்தார். துருக்கி தன் தூதரை ஆலோசனைக்காகத் திரும்ப அழைத்தது. தீர்மானத்துக்கு முதலில் இருநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இணை ஆதரவு தந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பின்வாங்க, முழு சபையின் வாக்கெடுப்புக்கு அது வரவே இல்லை. காக்கஸின் வெற்றி என்று இதைச் சொல்லத் தோன்றும். ஆனால் அன்று ஈராக் போர் நடந்துகொண்டிருந்தது. ஈராக்குக்குப் போகும் விமானச் சரக்கில் சுமார் 70 சதவீதம் துருக்கி வழியாகப் போகிறது என்று பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் கேட்ஸ் சொன்னார். முன்னாள் வெளியுறவுச் செயலாளர்கள் 8 பேர் தீர்மானம் வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். அதிபர் புஷ்ஷும் எதிர்த்தார். காக்கஸ் குரல் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இவ்வளவு கனம் நின்றது.

இனி 2019 அக்டோபர் 29. துருக்கியின் குடியரசு தினம். அதே கருத்துள்ள தீர்மானம் முழு சபையில் 405-11 என்று நிறைவேறியது. எதிர்த்தவர்கள் வெறும் 11 பேர். துருக்கி காக்கஸில் அப்போது இருந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. அதாவது காக்கஸ் உறுப்பினரிலேயே பெரும்பாலோர் அன்று துருக்கி அரசின் பக்கம் நிற்கவில்லை. காக்கஸ் கலையவில்லை, விதியும் மாறவில்லை, சூழல் மாறியிருந்தது. அந்த மாதம் 9ஆம் தேதி துருக்கிப் படை சிரியாவின் வடகிழக்கில் நுழைந்திருந்தது. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக ஜூலையிலேயே எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கி நீக்கப்பட்டிருந்தது. துருக்கிக்கு எதிரான தடை மசோதா ஒன்றும் அதே நாளில் 403-16 என்று சபையில் தேறியது.

அப்படியென்றால் ஒருவர் ஏன் காக்கஸில் சேர்கிறார்? தொகுதியில் துருக்கியர் இருக்கலாம். துருக்கியோடு வணிகம் செய்யும் நிறுவனம் இருக்கலாம். நேட்டோவில் 1952 முதல் இருக்கும் நாட்டோடு பேச்சு அறுந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இருக்கலாம். கிரேஞ்சர் பிரதிநிதித்துவம் செய்த ஃபோர்ட் வொர்த்தில்தான் எஃப்-35 விமானங்கள் ஒருங்கிணைக்கப்படுகின்றன. சுமார் நூறு விமானங்கள் வாங்கத் திட்டமிட்டிருந்த கூட்டாளி நாடு துருக்கி. அவர் சேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெயரைப் பார்த்ததும் "துருக்கி ஆதரவாளர்" என்று முத்திரை குத்துவதற்கு முன் அந்தத் தொகுதியையும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஒரே நபர் ஒன்றுக்கொன்று எதிரான காக்கஸ்களில் இருக்கவும் தடையில்லை. ஆர்மீனிய விவகாரங்களுக்கு 1995 முதல் தனி காக்கஸ் உண்டு, கிரேக்க விவகாரங்களுக்கும் உண்டு.

ஆயுத விற்பனைச் செய்திகளிலும் ஒரு குழப்பம் வரும். துருக்கி கேட்ட எஃப்-16 விமானங்கள் நீண்ட நாள் கிடைக்கவில்லை. அதைக் காக்கஸின் தோல்வி என்று எழுதினால் தவறான இடத்தைப் பார்க்கிறோம். பெரிய ஆயுத விற்பனைகளில் இரு அவைகளின் வெளியுறவுக் குழுத் தலைவர்களும், அக்குழுக்களின் எதிர்த்தரப்பு மூத்த உறுப்பினர்களும் என்று நால்வரின் சம்மதத்தை அரசு முன்கூட்டியே கேட்பது வழக்கம். செனட் குழுத் தலைவராக இருந்த பாப் மெனண்டெஸ் எதிர்த்துக்கொண்டே இருந்தார். 2023 செப்டம்பரில் அவர் அந்தத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 2024 ஜனவரியில் ஸ்வீடன் நேட்டோவில் சேர துருக்கி நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. சில நாட்களிலேயே சுமார் 2,300 கோடி டாலர் விற்பனை அறிவிப்பு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனது.

வேறு நாட்டு அமைப்புகளை இதோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பவும் வேண்டாம். ஜெர்மனியில் இருநாட்டு நாடாளுமன்ற நட்புக் குழுக்களை நாடாளுமன்றமே ஒவ்வொரு பதவிக்காலத்திலும் அமைக்கிறது. துருக்கிக்கும் ஒன்று உண்டு. பிரிட்டனில் இருப்பது அனைத்துக் கட்சிக் குழு. தமிழர்களுக்கான குழுவால் அந்த வடிவம் நம்மில் பலருக்கும் பழக்கம். பெயர்கள் உறவுக்காரர்கள் மாதிரி இருந்தாலும் விதிகள் வேறு வேறு.

பண விஷயத்துக்கு வருவோம். இங்கே கவனம் தவறினால் அப்பாவிகள் மேல் பழி விழும். துருக்கி அரசு வாஷிங்டனில் தனக்காக ஆதரவு திரட்டும் லாபி நிறுவனத்தை அமர்த்தினால், அந்த நிறுவனம் 1938ஆம் ஆண்டின் வெளிநாட்டு முகவர் சட்டப்படி நீதித்துறையில் பதிய வேண்டும். அமெரிக்கக் குடிமக்களான துருக்கியர் சங்கம் வைத்துத் தங்கள் உறுப்பினரைச் சந்திப்பது வேறு விஷயம். அது அவர்களுடைய உரிமை. தேர்தல் நன்கொடை மூன்றாவது விஷயம்: குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் தரலாம், மற்ற வெளிநாட்டவர் தரக் கூடாது. இந்த மூன்றையும் "துருக்கி லாபி" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது நியாயமில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. 2013 மே மாதம் உறுப்பினர்கள் 10 பேரும் ஊழியர் பலரும் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டுக்குப் போனார்கள். அமெரிக்காவில் இயங்கும் தொண்டு அமைப்புகள் செலவை ஏற்றதாக ஆவணங்கள் சொன்னன. உண்மையில் பணம் அஜர்பைஜான் அரசின் எண்ணெய் நிறுவனத்திலிருந்து வந்தது. அதை மறைத்த அமைப்பு ஒன்றின் தலைவர் 2018 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பயண அழைப்பைப் பார்க்கும்போது, கீழே யார் பெயர் இருக்கிறது என்பதோடு பணம் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

பழைய பட்டியலை நம்புவது சின்னத் தவறுதான், ஆனால் அடிக்கடி நடக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய காங்கிரஸ் தொடங்கும்போது ஒவ்வொரு காக்கஸும் மறுபடி பதிய வேண்டும். வெக்ஸ்லர் 2010லும் விட்ஃபீல்ட் 2016லும் பதவியை விட்டுப் போய்விட்டார்கள். கிரேஞ்சர் 2025 ஜனவரியோடு ஓய்வு பெற்றார். பின்னாளில் இணைத்தலைவராக இருந்த வர்ஜீனியாவின் ஜெரி கானலி 2025 மே மாதம் காலமானார்.

அப்புறம், புலம்பெயர்ந்த துருக்கியரை ஒரே கூட்டமாக எண்ணுவது. 2016 ஜூலை ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு, அதற்குப் பின்னால் இருந்தவர் என்று துருக்கி அரசு குற்றம்சாட்டிய, பென்சில்வேனியாவில் வாழ்ந்த மதபோதகர் ஃபெத்துல்லா குலனைப் பின்பற்றியவர்களும் அங்காரா அரசை ஆதரித்தவர்களும் ஒரே மேசையில் உட்காரும் நிலை போய்விட்டது. துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் மதச்சார்பற்ற வழியில் வந்தவர்கள், குர்துகள், சைப்ரஸ் துருக்கியர், இஸ்தான்புல் யூதர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கவலை. ஒரு சங்கத்தின் அறிக்கையை வைத்து "துருக்கிய அமெரிக்கர்கள் கோரிக்கை" என்று தலைப்பிட்டால், மீதிப் பேரின் வாயை நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும்.

ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் வாழும் அஹிஸ்கா துருக்கியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் முன்னோர் துருக்கியிலிருந்து நேரே அமெரிக்கா வந்தவர்கள் அல்லர். ஜார்ஜியாவிலிருந்து 1944 நவம்பரில் ஸ்டாலின் ஆட்சி கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரை மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது. 1989ல் உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானாவில் கலவரம் வெடித்து அங்கிருந்தும் ஓடினார்கள். ரஷ்யாவின் க்ராஸ்னதார் பகுதியில் குடியுரிமை மறுக்கப்பட்டது. 2004 முதல் அமெரிக்கா அகதிகளாக ஏற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பல குடும்பங்கள் வேறு நகரங்களில் இறங்கிவிட்டு, பிறகு வீடு மலிவாகக் கிடைத்த டேட்டனுக்குக் குடிபெயர்ந்தன. எஸ்-400, எஃப்-16 பற்றி வாஷிங்டனில் என்ன பேசினாலும், இப்படி வந்த ஒரு குடும்பத்துக்குத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, ஊரில் விட்டு வந்த உறவினரின் விசா விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்பதாகவே இருக்கும். அதைக் கேட்க அந்த உறுப்பினர் எந்தக் காக்கஸிலும் இருக்க வேண்டியதில்லை.