பிறப்பு எடையைக் குற்றம் சொல்லும் முன்

கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் கிடைத்த ஊட்டம், பிற்காலத்தில் வரும் இதயநோயோடும் சர்க்கரைநோயோடும் எப்படித் தொடர்புபடுகிறது என்று தரவுகளில் தேடுவது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் நான் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். விடுபட்ட எண், தப்பான அலகு எல்லாம் தானாகக் கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்றைய எடையையும் கணக்கில் சேர்த்துவிட்டு, பழியைக் கருவின் மேல் போடுவது

என் முதல் ஆய்வில் பிறப்பு எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இருந்த தொடர்பு மிகச் சிறியது. வளர்ந்த பிறகான எடையைச் சேர்த்ததும் அது சட்டென்று பெரிதானது, 'எல்லாம் கருவிலேயே தொடங்குகிறது' என்று கட்டுரையே எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் தாளில் இரண்டு பிள்ளைகளை வரைந்தார்: பிறந்தபோது எடை வரிசையில் ஒன்று கடைசி, மற்றது முதல், பத்து வயதில் இரண்டும் ஒரே எடை. "இப்போ சொல்லு, வித்தியாசம் பிறந்தப்போ இருந்த எடையா, அப்புறம் ஏறின வேகமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எட்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

குழந்தை ஊட்டச்சத்து ஆய்வாளர் ஆலன் லூக்கஸும் உடன் எழுதியவர்களும் 1999இலேயே இதை எச்சரித்துவிட்டார்கள், இன்னும் இதே தவறு என் மேசைக்கு வருவதுதான் எரிச்சல். பிறப்பு எடையைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், பிறகு இன்றைய எடையோடு சேர்த்துப் பாருங்கள், தொடர்பு சேர்த்த பிறகே தெரிகிறது என்றால் அங்கே பேசுவது இடைப்பட்ட வளர்ச்சியாக இருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால் பழி முழுக்கத் தாயின் தலையில் விழும்.

எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கேட்காதது

36 வாரத்தில் 2.4 கிலோ வேறு, 40 வாரத்தில் 2.4 கிலோ வேறு: முதலாவது சீக்கிரம் பிறந்ததால் சிறிதாக இருக்கலாம், இரண்டாவது கருவில் வளர்ச்சி குறைந்ததால்.

ஆபத்து கூடுவதைத் தலைவிதி போல எழுதுவது

வேண்டாம்.

எடை சரியாக இருந்தால் பாதிப்பில்லை என்பது

1944–45 நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவின் தொடக்க மாதங்களில் சிக்கியவர்கள் பிறந்தபோது எடை குறைவாக இல்லை. ஆனாலும் ஐம்பது வயதையொட்டி அவர்களிடம் இதயநோய் அதிகம் தெரிந்தது. எடை ஒரு தடயம், அவ்வளவுதான்.

ஒரு பஞ்சத்தை வைத்து எல்லாப் பஞ்சத்துக்கும் பேசுவது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை முற்றுகையிட்டுப் பட்டினியில் தள்ளிய ரஷ்ய நகரம் லெனின்கிராட். அந்த முற்றுகையின்போது கருவில் இருந்தவர்களை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வில், சர்க்கரையை உடல் கையாளும் விதத்தில் நெதர்லாந்தில் தெரிந்தது போன்ற வித்தியாசம் தெரியவில்லை. நெதர்லாந்தில் பஞ்சம் சில மாதங்களில் முடிந்து சாப்பாடு திரும்பிவிட்டது, லெனின்கிராடில் பிறந்த பிறகும் பற்றாக்குறை நீண்டது. கருவில் பட்டினிக்குப் பழகிய உடல் பிறகு எதைச் சந்தித்தது என்பதும் தரவில் இருக்க வேண்டும்.