‘அவன்’ எப்போது ‘அவர்’ ஆனான்?

போன மாதம் ஒரு சிறுகதைப் பட்டறைக்காகப் பதினெட்டுக் கையெழுத்துப் பிரதிகளைப் படித்தேன். அதில் ஒன்று, பத்திரப் பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் ஒருவனைப் பற்றியது. முதல் பக்கத்தில் ‘அவன் பேனாவை மூடினான்’ என்று இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் ‘அவர் பேனாவை மூடினார்’. இடையில் அவனுக்கு வயது கூடவில்லை, பதவி உயரவில்லை. அதே நாள், அதே மேசை, அதே பேனா. எழுதிய பெண்ணுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அதைச் சுட்டிக்காட்டினேன். சிரித்துக்கொண்டே, “முதலில் அவர் லஞ்சம் வாங்குவதாகத்தான் நினைத்திருந்தேன் சார். எழுத எழுத, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிந்துவிட்டது” என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு விலையாக ஒரு நாவலைக் கொடுத்தேன்.

என் ஆள் சென்னியப்பன். மாட்டுத் தரகன். கண்ணபுரம் சித்திரைத் தேர்ச் சந்தையைப் பற்றிய ஒரு சிறுகதையில் இரண்டு பத்திக்கு மட்டும் வந்து போக வேண்டியவன், போகவில்லை. பிறகு பதினோரு கதைகளிலும் ஒரு தொடர்கதையிலும் வந்தான். நான் உண்டாக்கியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன் அவன்தான் என்பதை மறைக்கப்போவதில்லை. பிடித்ததால் என்னென்ன கெடுத்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பொருத்தமான பெயர் வைப்பது, மூக்கையும் மீசையையும் முதல் பத்தியிலேயே கொட்டாமல் இருப்பது போன்றவற்றை எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வயதைக் கணக்குப் பார்க்காமல் இறங்குவது

அகதா கிறிஸ்டி தன் துப்பறிவாளர் பொய்ரோவை 1920இல் வெளிவந்த முதல் நாவலிலேயே ஓய்வுபெற்ற போலீஸ்காரராக அறிமுகம் செய்துவிட்டார். அந்த மனிதரை அடுத்த அரை நூற்றாண்டுக்கு எழுத வேண்டியிருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. கடைசி நாவல் 1975இல் வந்தபோது, நியாயமாகப் பார்த்தால் பொய்ரோ நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அவ்வளவு முதியவராகத் தொடங்கியது தவறு என்று கிறிஸ்டியே வருந்தியிருக்கிறார்.

சென்னியப்பனுக்கு முதல் கதையில் ‘அறுபதைத் தொட்ட’ என்று ஒரு அடைமொழி போட்டேன். அழகாக இருக்கிறதே என்று போட்டதுதான், வேறு காரணம் கிடையாது. எட்டாவது கதையில் அவன் கைப்பேசியில் விலை பேசுகிறான். முதல் கதையில் ஊருக்குள் டவுன் பஸ்ஸே வரவில்லை. ஒரு வாசகர் அஞ்சலட்டையில் கூட்டிக் கழித்து, ‘உங்கள் தரகருக்கு இப்போது 94 வயது. வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தார்.

மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்பவன் சென்னியப்பன். முதல் ஜோடி நிலைப்பல் முளைத்தால் இரண்டு வயதுக்கு மேல், எட்டும் சேர்ந்துவிட்டால் ஏறத்தாழ ஐந்து. அவனுடைய பல்லை நான் பிடித்துப் பார்க்கவே இல்லை. ஒரு குறிப்பேடு போடுங்கள். பிறந்த ஆண்டு, எந்தக் கால் வலிக்கும், எந்தக் காதில் கடுக்கன் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஷெர்லாக் ஹோம்ஸின் தோழர் வாட்ஸனுக்கே ஒரு கதையில் தோளிலும் இன்னொன்றில் காலிலும் குண்டு பட்டிருக்கிறது. அவர்களைப் படைத்த கானன் டாயிலுக்கு மன்னிப்புக் கிடைத்தது. நமக்குக் கிடைக்காது.

அவனுக்கு மட்டும் வட்டார வழக்கு கொடுப்பது

ஊரில் அவன் ஒருவன்தான் அந்த மண்ணில் பிறந்தவனா? ஒன்று எல்லோருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் அவனிடமிருந்தும் பிடுங்குங்கள்.

தோற்கவிடாமல் காப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிற தவறு இது.

முதல் கதையில் சென்னியப்பன் நல்லவன் கிடையாது. சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது துண்டுக்கு அடியில். தரகனும் எதிராளியும் கையைத் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்துத் தொகையைச் சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்கும் ஐம்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது. விற்கிறவனிடம் ஒரு துண்டு, வாங்குகிறவனிடம் ஒரு துண்டு. இரண்டு துண்டுக்கும் நடுவில் இருப்பவன் தரகன் ஒருவனே. இங்கே ஒரு விரல், அங்கே இரண்டு விரல் என்று பேசி, நடுவில் நிற்கிற தொகையைச் சென்னியப்பன் மடியில் கட்டிக்கொள்வான். மகள் கல்யாணத்துக்காக உழவு மாட்டு ஜோடியை விற்க வந்த ஒருவரிடம் அதைச் செய்துவிட்டு, அவருக்கே டீ வாங்கிக் கொடுத்து, அவர் மாடுகளைத் தடவி அழும்போது கூடச் சேர்ந்து அழுவான். அந்த அழுகை பொய்யும் இல்லை. வாசகர்கள் அவனைப் பிடித்துக்கொண்டது அதற்காகத்தான்.

பிறகு ஒரு வார இதழில் தொடர்கதை கேட்டார்கள், இருபத்தாறு வாரம். அவனையே நாயகனாக்கினேன்.

பதினேழாம் அத்தியாயத்தின் முதல் வரைவு இப்படி இருந்தது. ராமாத்தாள் கணவனை இழந்தவள். சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கலாம் என்று கடன் வாங்கிக்கொண்டு, ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் வருகிறாள். சென்னியப்பன் அவளுக்கு ஒரு கலப்பினப் பசுவை முடித்துக் கொடுக்கிறான். வேளைக்கு ஏழு லிட்டர் என்று பேச்சு. பசுவை முந்தைய நாள் மாலை கறக்காமல் விட்டு, மடியைத் தேக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்தில் கட்டியிருக்கும் இளங்கன்று வேறு பசுவினுடையது. இரண்டும் அவனுக்குத் தெரியும். தெரிந்தே அச்சாரம் வாங்கித் தருகிறான். வீட்டுக்குப் போன பசு மூன்று லிட்டரைத் தாண்டவில்லை. பத்தாம் நாள் ராமாத்தாள் அவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறாள். எதுவும் கேட்கவில்லை, திட்டவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவன் மனைவி பாவாயி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கணவனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறாள்.

எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்லதை எழுதிவிட்டேன் என்ற மகிழ்ச்சியால் அல்ல. அவனை அந்தத் திண்ணைக்கு முன்னால் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘அவர் ஏழைப் பெண்ணிடம் இதைச் செய்யமாட்டார்’ என்று உதவி ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். ஆமாம், ‘அவர்’. அப்போதே ஆகிவிட்டிருந்தான்.

காலையில் திருத்தினேன். பசுவின் சொந்தக்காரன் சென்னியப்பனையும் சேர்த்து ஏமாற்றிவிட்டான் என்று மாற்றினேன். விஷயம் தெரிந்ததும் துடித்துப்போய்த் தன் தரகுப் பணத்தோடு கையிலிருந்ததையும் சேர்த்து ராமாத்தாளிடம் கொடுத்துவிடுகிறான். அவள் கண்கலங்கிக் கும்பிடுகிறாள். பாவாயி எல்லோருக்கும் காப்பி கொண்டுவருகிறாள். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அதுதான் கொடுமை, பாராட்டினார்கள்.

என் தாய்மாமா மட்டும் வேறு மாதிரி. நாற்பது ஆண்டு மாடு கட்டியவர். இதழைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்து முடித்தார்.

“மாப்பிள்ளை, இந்த ஆள் எத்தனை வருஷமாகத் தரகு பார்க்கிறான்?”

“முப்பது வருஷம் மாமா.”

“தேங்கின மடியைத் தொட்டால் தெரியாதா? கல் மாதிரி இருக்கும். காம்பில் பால் சொட்டும். பசு பின்னங்காலை அகட்டி நிற்கும். ஒரு பீச்சுப் பீச்சிப் பார்க்காமலா ஒருவன் முப்பது வருஷம் சந்தையில் நின்றிருப்பான்? இவன் நல்லவன் என்கிறாய், சரி. அப்படியானால் இவனுக்குத் தொழில் தெரியாது.”

அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

அவனுடைய நேர்மையைக் காப்பாற்றப் போய் அவன் கைத்திறனை வெட்டியிருக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மாமாவுக்குக் கதை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மிச்சமிருந்த ஒன்பது வாரமும் என் கையிலிருந்து நழுவிக்கொண்டே போனது. அவன் தப்புச் செய்யமாட்டான் என்றால் கதையில் தப்புச் செய்ய வேறு ஆள் வேண்டுமே? ஒரு போட்டித் தரகனைக் கொண்டுவந்தேன். பெரிய மீசை, தங்கப்பல், குடிப்பழக்கம் என்று சகல லட்சணங்களும் அவனுக்கு. முதல் வரைவில் வாய் திறக்காமலே வீட்டை நடுங்கவைத்த பாவாயி, பிறகு கணவனின் பெருமையை அண்டை வீட்டாரிடம் சொல்லும் வேலைக்கு வந்துசேர்ந்தாள். ராமாத்தாள் நன்றி சொல்வதற்காக இரண்டு தடவை கதைக்குள் வந்தாள். இருபத்தாறாம் வாரம் சந்தையில் அவனுக்கு மாலை போட்டு முடித்தேன். புத்தகமாக வந்தது. பதிப்பாளர் மறுபதிப்புக்குக் கேட்டபோது வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

இந்த நோய் உங்கள் கதையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. பிடித்தவன் வரும் பக்கங்களை எடுத்துக்கொண்டு வினைச்சொற்களுக்கு அடியில் மட்டும் கோடு போடுங்கள். மற்றவர்கள் உடைத்தார்கள், கெடுத்தார்கள், மறைத்தார்கள் என்று இருக்கும். அவன் வருகிற இடத்தில் மட்டும் உடைந்தது, கெட்டது, மறைந்தது. நம் மொழியில் இது மிகவும் வசதி. பல வினைகளில் ஒரு மெய்யெழுத்தை மாற்றினாலே குற்றவாளி காணாமல் போய்விடுவான். என் தொடர்கதையை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, ‘பணம் கைமாறியது’ என்று நாலு இடத்தில் இருந்தது. யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது? அவன் வாங்கினான் என்று எழுத எனக்குக் கை கூசியிருக்கிறது. அதேபோல ‘வேறு வழியில்லாமல்’, ‘தன்னையறியாமல்’ இரண்டையும் தேடுங்கள். பதினேழிலிருந்து இருபதாம் அத்தியாயத்துக்குள் ‘வேறு வழியில்லாமல்’ எனக்குப் பதினோரு முறை கிடைத்தது. கட்டடம் எரிந்துகொண்டிருந்தால்கூட ஒருவன் அத்தனை முறை வேறு வழியில்லாமல் போகமாட்டான்.

‘அவர்’ என்று தொடங்கியவனை ‘அவன்’ ஆக்கச் சொல்லவில்லை. கதைசொல்லி மரியாதை கொடுக்கலாம், முதல் வரியிலிருந்து கொடுங்கள். நடுவழியில் மரியாதை கூடினால், ஏதோ ஒரு குற்றத்தை அங்கே நீங்கள் மூடியிருக்கிறீர்கள். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தோண்டுங்கள்.

எழுத்தாளர் தேவன் தன் துப்பறியும் சாம்புவை என்னைவிடக் குறைவாக நேசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் கதைக்குக் கதை அவனை அசடாகவே விட்டுவைத்தார். வெற்றியைக் கொடுத்தார், பாராட்டைக் கொடுத்தார், மூளையை மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. அந்தக் கஞ்சத்தனம் எனக்கு வரவில்லை.

அவன் வாயில் உங்கள் கருத்தை வைப்பது

மாட்டுத் தரகன் உலகமயமாக்கலைப் பற்றிப் பேசினான். ஒன்றரைப் பக்கம். மன்னித்துவிடுங்கள்.

சலித்துப்போய்க் கொன்றுவிடுவது

அளவுக்கு மீறிக் கொஞ்சியவர்கள் அடுத்து வந்துசேரும் இடம் இது. டாயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளினார். தன் சரித்திர நாவல்களுக்கு அவன் குறுக்கே நிற்கிறான் என்பது அவர் குறை. 1901இல், சாவுக்கு முன்பு நடந்ததாக ஒரு நாவலைத் தொடங்கினார். 1903இல், அவன் அருவியில் விழவே இல்லை என்று சொல்லித் திரும்ப அழைத்துவந்தார். பிணம் கிடைக்காத சாவாக அதை எழுதியிருந்தது அவர் அதிர்ஷ்டம்.

தொடர்கதை கசந்துபோனதில் நானும் அடுத்த ஆண்டு ஒரு சிறுகதையில் சென்னியப்பனை லாரியில் அடிபட வைத்தேன். அவன் மீதிருந்த கோபம் அல்ல, என் மீதிருந்த கோபம். ஈமச் சடங்கு வரைக்கும் விரிவாக எழுதித் தொலைத்தேன். அதனால் இனி அவன் திரும்பி வர வேண்டுமென்றால் பழைய காலத்துக்குத்தான் போக வேண்டும். குறிப்பேடு போடச் சொன்னேனே, அதில் சாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

‘அது யார், நிஜத்தில் இருப்பவரா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது

சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன். அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

பட்டறையின் இரண்டாம் நாள், பத்திர எழுத்தரை எழுதிய பெண் தன் பிரதியைத் திருத்திக் கொண்டுவந்திருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் மறுபடி ‘அவன்’. ஆனால் லஞ்சம் வரவில்லை. விகுதியை மட்டும் மாற்றியிருந்தார். “அந்த மேசை டிராயரை அவன் இன்னும் திறக்கவில்லையே” என்றேன். முகம் வாடிவிட்டது. நான் அவரைக் கடிந்துகொள்ள முடியுமா? மாமா போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே பழைய வரைவைப் பரணிலிருந்து இறக்கத் தோன்றியது.

இரண்டு மாதமாகப் பதினேழாம் அத்தியாயத்தை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பசுவின் மடியைச் சென்னியப்பன் தொட்டுப் பார்த்துவிட்டான், கையைத் துண்டில் துடைத்தும்விட்டான். ராமாத்தாள் திண்ணைக்கு வந்து மூன்று பக்கம் ஆகிறது. வெயில் அவள் காலடிக்கு ஏறிவிட்டது. அவன் இன்னும் வெளியே வரவில்லை.