முகமூடிக்கு முன் பிணம்: இருண்ட பழிவாங்கும் கதையை எழுதும் முறை

இறந்தவர்களுக்காகப் பழிதீர்க்கும் முகமூடி நாயகனின் கதையை எழுத விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முகமூடியின் நிறத்தையும் மேலங்கியின் நீளத்தையும் முதலில் முடிவு செய்கிறார்கள். இறந்தவரிடமிருந்து தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. செத்தவர் யார், எந்த வேலையை முடிக்காமல் போனார், கடைசியாக யாரிடம் என்ன சொன்னார், அவருடைய சாவால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்விகளுக்கு விடை எழுதி முடிக்கும்வரை நாயகனுக்குப் பெயர்கூட வைக்க வேண்டாம்.

ஒரு துறைமுகக் கணக்கர் கொல்லப்பட்டதாக வைத்துக்கொள்வோம். சரக்குப் பெட்டிகளின் எடையும் பேரேட்டில் உள்ள எடையும் பொருந்தாத நாட்களை அவர் ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குறிப்பேடு நாயகனின் கைக்கு வருகிறது. இனி ஒவ்வொரு அத்தியாயமும் அதிலுள்ள ஒரு பெயரை நோக்கி நகரும் என்பதால் கதையின் போக்கைச் செத்தவரே தீர்மானிக்கிறார். கதையின் நடுப்பகுதியில், தொடக்கப் பக்கங்கள் சிலவற்றில் கணக்கரே லஞ்சம் வாங்கிய தொகைகள் குறிக்கப்பட்டிருப்பதை நாயகன் கண்டால், தான் யாருக்காகக் கொல்கிறோம் என்ற கேள்வி அவனுக்குள் எழும். துப்பாக்கிச் சண்டைகள் பத்து எழுதினாலும் இந்த ஒரு பக்கத்தின் கனம் வராது.

இவ்வகைக் கதைகள் அமெரிக்காவில் 1930களில், மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான பல்ப் இதழ்களில் செழித்தன. வானொலியில் துப்பறியும் கதைகளை அறிமுகப்படுத்த 1930இல் பயன்பட்ட ‘தி ஷேடோ’ (நிழல்) என்ற ஒரு மர்மக் குரல் நேயர்களை ஈர்க்கவே, 1931இல் அந்த நிழல் மனிதனுக்கென்றே தனி இதழ் தொடங்கப்பட்டது. மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயரில் அதற்கு எழுதிய வால்ட்டர் கிப்சன், பல ஆண்டுகள் மாதத்துக்கு இரண்டு நாவல்கள் என்ற வேகத்தில் எழுதித் தள்ளினார். அந்த வேகத்தைப் பின்பற்றச் சொல்ல மாட்டேன். அவர் கையாண்ட ஒரு உத்தியை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நாயகனின் மனத்துக்குள் அவர் எளிதில் நுழைவதில்லை. அவனுடைய உதவியாளர்களும் அவனிடம் சிக்கும் குற்றவாளிகளும் பார்ப்பதையே நமக்குக் காட்டுவார். ஆகவே உங்கள் நாயகனின் முதல் வருகையை அடியாள் ஒருவனின் கண்வழியாக எழுதுங்கள்: அணைந்த விளக்கு, பூட்டிய கதவுக்கு உள்பக்கம் ஈரமான காலடித் தடம், பிறகு செத்துப்போன கணக்கரின் கையெழுத்தில் ஒரு சீட்டு.

முகமூடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது அடையாளத்தை மறைப்பதோடு நின்றால் போதாது. அதை அணியும்போது அவனால் எதைச் செய்ய முடிகிறது, கழற்றிய பிறகு எதைச் செய்ய முடியாமல் போகிறது என்பது உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

குற்ற உலகை இருட்டாக்குவதற்கு மழையும் சந்தும் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் தீர்ந்திருக்குமே என்று வாசகருக்குத் தோன்றிவிட்டால் முகமூடிக்கு அவசியமே இல்லை. மதுவிலக்கு நடப்பில் இருந்த 1920 முதல் 1933 வரையான ஆண்டுகளில் கள்ளச்சாராயப் பணம் அமெரிக்க நகரங்களின் காவலர்களையும் அரசியல்வாதிகளையும் விலைக்கு வாங்கியதை நேரில் கண்ட வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. நீங்கள் விளக்கியாக வேண்டும். பணம் யாரிடமிருந்து புறப்பட்டு, யார் கைமாறி, எந்த மேசைக்குப் போய்ச் சேர்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சட்டம் எந்த இடத்தில் விலைபோனது என்பது அதில் தெரியும், வில்லனும் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

முடிவில் நாயகன் குறிப்பேட்டின் கடைசிப் பெயரையும் அடித்துவிடுகிறான். அதன் பிறகு அவனை மேடைப்பேச்சு பேசவிடாதீர்கள். கணக்கரின் மனைவியிடம் அந்தக் குறிப்பேட்டைக் கொடுப்பதா, லஞ்சக் கணக்குள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதா என்று வாசலில் நிற்கும் அவனுடைய கைகளை மட்டும் காட்டி நிறுத்துங்கள்.