துவக்குக் கட்டையைப் புதுப்பித்து வைரக்கொத்து வெட்டும் முறை

மூதூர், கந்தளாய், தம்பலகாமப் பக்கத்து வயல்களில் காட்டுப் பன்றிக்குக் காவலாக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துவக்குகளில், இரும்பு நன்றாக இருக்கக் கட்டை மட்டும் வார்னிஷ் உரிந்து, பிடிக்கும் இடம் மழுங்கிப் போயிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கட்டையை மீளப் பொலிஷ் செய்வதை எந்த ஓடாவியும் செய்துவிடுவார். கை வழுக்காதபடி பிடியில் வெட்டும் குறுக்குக் கோடுகளுக்குத்தான், அதாவது வைரக்கொத்துக்குத்தான், பொறுமை வேண்டும்.

முதலில் தோட்டா இல்லை என்பதைக் குழலைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பெரும்பாலான ஒற்றைக்குழல் துவக்குகளில், பின்தட்டைக் கழற்றினால் கட்டைக்குள் ஒரு நீண்ட ஆணி தெரியும். நீளமான திருப்புளியால் அதைத் திருப்பினால் கட்டை பிரிந்துவிடும். இரும்புப் பாகம் உரிமையாளர் வீட்டிலேயே இருக்கட்டும், வேலைத்தளத்துக்குக் கட்டை மட்டும் வந்தால் போதும்.

பழைய வார்னிஷைப் பெயின்ட் ரிமூவரால் இளக்கிச் சுரண்டி எடுங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத் துணியை மடித்து வைத்து, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடி அழுத்தினால், நசுங்கிய நார் ஆவியில் ஊதி மேலெழும். நார் அறுந்திருந்தால் எழும்பாது. பிறகு 120, 180, 220, 320 என்ற வரிசையில் சாண்ட் பேப்பரை ஒரு மரத்துண்டில் சுற்றித் தேயுங்கள். இரும்போடு பொருந்தும் விளிம்பைத் தொடாதீர்கள். அங்கே மரம் அரை மில்லிமீற்றர் தாழ்ந்தாலும் துவக்கைப் பூட்டியபின் அது கண்ணை உறுத்தும். கடைசித் தேய்ப்புக்கு முன் கட்டையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மயிர் போல நார் எழுந்து நிற்கும், அதையும் தேய்த்துவிடுங்கள்.

எண்ணெய்க்குக் கொதித்த ஆளிவிதை எண்ணெய் போதும். சில துளிகளை உள்ளங்கையில் எடுத்துச் சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சைப் பூசுங்கள். ஆறு முதல் பத்துப் பூச்சு வரை போகலாம். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுவதால், மாரிகால ஈரத்தில் ஒரு பூச்சுக் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விரைவில் காயும், ஆனால் அந்தக் காற்று கொண்டுவரும் தூசியும் பூச்சில் ஒட்டும் என்பதால் அறைக்குள் தொங்கவிடுவது நல்லது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியக்கூடாது: அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

கொத்து வெட்டுவது பொலிஷ் இறுகிய பிறகே. ஒரு சிறு முக்கோண அரத்தின் நுனியை வளைத்துத் தீட்டி ஒற்றை வெட்டுக் கருவி செய்யலாம். இடைவெளி காக்க இரட்டைப் பல்லுள்ள கருவியை வாங்குவதே நல்லது. தொடக்கத்துக்கு அங்குலத்துக்கு 18 கோடு, அதாவது சுமார் 1.4 மி.மீ. இடைவெளி போதும். வால்நட் மரம் நுண்ணிய கொத்தையும் தாங்கும். தேக்கு கருவியின் கூர்மையை விரைவில் மழுக்கும், பின்னிய நாருள்ள முதிரை முனை சிதறும்.

70 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமுமான வைர வடிவத்தைத் தடித்த மட்டையில் வெட்டி, பிடியில் வைத்து, ஒன்றையொன்று வெட்டும் இரு தலைக்கோடுகளை அதன் பக்கங்களோடு சேர்த்துக் கீறுங்கள். வளைவில் கோடு இழுக்க, வளையும் பிளாஸ்டிக் பட்டியைப் பிடியைச் சுற்றி ஒட்டவையுங்கள். மற்ற எல்லாக் கோடுகளும் இந்த இரண்டின் பிரதிகளே. இரட்டைப் பல்லில் ஒன்று வெட்டிய கோட்டில் ஓட, மற்றது அடுத்ததை வெட்டும். என் முதற் கட்டையில், அழுத்தி வெட்டும் ஆசையில் பதினான்காவது கோட்டில் பல் தடம் தவறியது; அந்தச் சாய்வு கடைசிவரை தொடர்ந்தது. ஆகவே முதற் சுற்றில் கீறல் மட்டும் விழட்டும், ஐந்தாறு கோட்டுக்கு ஒருமுறை மட்டையை வைத்துச் சரிபாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால் கோணல் நிழலாகத் தெரியும்.

இரு திசையிலும் கோடுகள் நிறைந்தபின் மூன்று சுற்றுகளில் ஆழமாக்குங்கள். வைரங்களின் தட்டையான உச்சி மறைந்து கூராகும்போது நிறுத்துங்கள். எல்லைக்கோட்டுக்கு முன் கடைசி ஐந்து மில்லிமீற்றரைச் சிறுசிறு தள்ளலாக வெட்டாவிட்டால் கருவி எல்லை தாண்டி மினுங்கும் கட்டையைக் கீறிவிடும். தூளைப் பழைய பற்தூரிகையால் நீக்கி, மெல்லிய எண்ணெயை அதே தூரிகையால் தடவுங்கள். பள்ளத்தில் எண்ணெய் தேங்கினால் கொத்தின் கூர்மை மழுங்கிவிடும். காயும் முன் உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள்.