காயத்துக்கு நட்டஈடு கேட்ட வழக்கு தள்ளுபடியானால்: மேன்முறையீட்டில் விடக்கூடாத தவறுகள்

அரிசி ஆலையின் பெல்ட்டில் கை சிக்கியவர், கல்லுடைக்கும் கிறஷரில் கால் நசுங்கியவர் என்று இலங்கையின் வன்னியில் பலர் முதலாளி மீது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுகிறார்கள். தள்ளுபடி என்றதும் மனம் உடைந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நெல் வெட்டு முடியட்டும், திருவிழா போகட்டும் என்று இருந்துவிட்டு வந்தால் கதவு அடைபட்டிருக்கும்.

முதல் தவறு, 60 நாள் இருக்கிறது என்று நம்பியிருப்பது. குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 754ஆம், 755ஆம் பிரிவுகளில் இரண்டு காலக்கெடு உண்டு. மேன்முறையீடு செய்யப்போகிறேன் என்று சொல்லும் மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை இந்தக் கணக்கில் சேராது, ஆனால் சனிக்கிழமை சேரும். அப்புறம் மேன்முறையீட்டு மனு, தீர்ப்பிலிருந்து 60 நாளுக்குள். இங்கே விடுமுறை எதுவும் கழியாது. மார்ச் 1இல் தீர்ப்பு என்றால் ஏப்ரல் 30 கடைசி நாள், சித்திரைப் புத்தாண்டு இடையில் வந்தாலும் அதுதான். இரண்டையும் தீர்ப்பளித்த அதே மாவட்ட நீதிமன்றத்தில்தான் கொடுக்க வேண்டும். சிறு பிழைகளை மன்னிக்க 759(2) இடம் தருகிறது, காலக்கெடுவை விட்டதற்கு அது உதவாது. பிரதேச செயலகத்துக்கும் அரசியல்வாதி வீட்டுக்கும் மனுவோடு அலைவதால் இந்த நாட்கள் ஒன்றும் நிற்கப்போவதில்லை.

கோபத்தில் சட்டத்தரணியை மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழையவரின் புறொக்சி (உங்களுக்காக வழக்காட நீங்கள் அவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வழக்கேட்டில் இருக்கும்போது புதியவர் அறிவித்தலில் கையெழுத்து வைத்தால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். முறைப்படி பழையதை நீக்கிப் புதியதைப் போட்ட பிறகே கையெழுத்து. அறிவித்தலோடு எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், அவருக்குப் பிரதி கொடுத்ததற்கான அத்தாட்சியும் போக வேண்டும்.

அடுத்தது, மேலே போனால் சாட்சிகளை மறுபடி கேட்பார்கள் என்ற எண்ணம். கேட்க மாட்டார்கள், வழக்கேட்டைத்தான் வாசிப்பார்கள். புதிய சான்றுக்கு 773ஆம் பிரிவில் வழி இருந்தாலும், முயன்றும் அப்போது கிடைக்காதது என்று காட்ட வேண்டும். வீட்டுப் பெட்டியில் கிடந்த டயக்னோசிஸ் காட்டுக்கு (ஆஸ்பத்திரி தந்த நோய் விவர அட்டைக்கு) அது பொருந்தாது. ஆகவே "தீர்ப்பு அநியாயம்" என்று எழுதுவதில் பயனில்லை. பெல்ட்டுக்கு மூடி இருக்கவில்லை என்று சக தொழிலாளி சொன்ன சாட்சியம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, தீர்ப்பு அதை எங்கே தவறவிட்டது என்று காட்டுங்கள். தீர்ப்பின், சாட்சியத்தின் சான்றுப்படுத்திய பிரதிகளுக்குத் தீர்ப்பு வந்த அன்றே விண்ணப்பிக்கச் சொல்வது இதனால்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது: "நீயும் கவனமில்லாமல்தானே நின்றாய்" என்ற ஒரு காரணத்தோடு ஏழைத் தொழிலாளி தலையைக் குனிந்துவிடுகிறார். 1968இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, காயப்பட்டவரிடமும் தவறு இருந்தால் நட்டஈட்டுத் தொகை குறையும், உரிமை இல்லாமல் போகாது. முதலாளியின் கவனக்குறைவை ஏற்றுக்கொண்டும், உங்கள் தவறை மட்டும் காரணம் காட்டி வழக்கைத் தள்ளியிருந்தால், மனுவின் முதல் பந்தியிலேயே அதை வையுங்கள்.

கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்துக்குப் போகலாம். முதல் வாரத்திலேயே போங்கள், பதின்மூன்றாம் நாள் போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கிடையில் முதலாளி ஆள் விட்டு "கொஞ்சம் தருகிறேன், வழக்கை விடு" என்பார். சரி, பேசுங்கள். பணமும், நீதிமன்றத்தில் பதிந்த இணக்கமும் கையில் வரும்வரை அறிவித்தலையும் மனுவையும் நிறுத்தாதீர்கள்.