வளரிளம் பருவக் கர்ப்பம்: வாரங்களை விழுங்கும் தவறுகள்

பள்ளிக்குச் செல்லும் மகள் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி பல வீடுகளில் நான்காவது, ஐந்தாவது மாதத்தில்தான் தெரியவருகிறது. அதற்கு முன்பே அவளுக்குக் குமட்டல் இருந்திருக்கும். அல்சராக இருக்கும் என்று எண்ணி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நாள் தள்ளிப்போனது அம்மாவின் கண்ணில் பட்டிருந்தாலும், இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பார். இந்த விஷயத்தில் மருத்துவமும் சட்டமும் வாரக் கணக்கிலேயே இயங்குகின்றன. பெரியவர்கள் செய்யும் தவறுகள் ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற சில வாரங்களில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன என்பதால்தான் அவற்றைத் தனியே எழுத வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் இதெல்லாம் நடக்காது என்ற நினைப்பிலிருந்து தொடங்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுக்குள் தாயாகிவிட்ட அல்லது கருவுற்றிருந்த பெண்களின் விகிதம் இந்திய அளவில் 2015-16இல் 7.9 விழுக்காடாக இருந்து, 2019-21இல் 6.8 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் அது 5.0இலிருந்து 6.3 ஆக உயர்ந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் மணமானவர்களும் இதில் அடக்கம் என்பதால், முழுவதையும் பள்ளி மாணவியரின் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நாடு இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம் என்பதை மறைக்க முடியாது.

பாலியல் கல்வி விஷயத்தில் நாம் செய்யும் தவறு பூப்பெய்தும் நாளிலேயே ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பச்சை ஓலைக் குடிசையில் உட்கார வைக்கிறோம். தாய்மாமன் சீர் வருகிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் நாள் தவறாமல் கொடுக்கிறோம். மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகைகூட அடிக்கிறோம். இத்தனை பேர் கூடும் அந்த நாட்களில், இந்த இரத்தம் ஏன் வருகிறது, இனி உனக்குக் கரு உண்டாகக்கூடும் என்று அவளிடம் சொல்ல ஒருவரும் முன்வருவதில்லை. ஊருக்கே அறிவித்த செய்தியின் பொருள் அவளுக்கு மட்டும் தெரியாமல் போகிறது.

பள்ளி இந்தக் குறையை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவமடைதல் பற்றியும், பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் பற்றியும் பாடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று கடந்துபோகும் வகுப்பறைகளும், மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு மாணவியரிடம் மட்டும் நாப்கினைப் பற்றிப் பேசும் வகுப்பறைகளும் நமக்குப் பழக்கமானவை. கருத்தரிப்பில் சரிபாதிப் பங்குள்ள பையனுக்கு, மறுப்பு என்றால் என்ன, சம்மதத்துக்குச் சட்டம் வகுத்த வயது என்ன என்பது கடைசி வரை சொல்லப்படுவதே இல்லை. சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்தைப் பெற்றோர் உண்மையாகவே உணர்கிறார்கள். அதை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முறையான பாலியல் கல்வி இளையோரின் பாலியல் செயல்பாட்டைக் கூட்டுவதில்லை என்றே கூறுகிறது.

பாதியாகச் சொல்வதும் ஆபத்தானதே. முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கற்று வருவதால், 'பாதுகாப்பான நாட்கள்' என்று எண்ணிப் பார்க்கும் கணக்கு இந்த வயதில் சற்றும் நம்பத்தக்கதாகாது. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம் என்பதால், இன்னும் வயதுக்கு வராத சிறுமிக்குக் கரு உண்டாகாது என்று நினைப்பதும் தவறு. அந்நியரிடம் எச்சரிக்கையாக இரு என்று மட்டும் சொல்லி வளர்ப்பதும் போதாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன.

அதனால்தான், விஷயம் தெரிந்தவுடன் 'யார் அவன்?' என்று கேட்டு அடிப்பதைப் பெருந்தவறு என்கிறேன். அவன் சித்தப்பாவாகவோ, வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித்தரும் ஆசிரியராகவோ இருந்தால், அடி விழ விழ அவள் வாய் இறுகும். உடம்புக்கு என்ன செய்கிறது, கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, யாருக்காவது பயப்படுகிறாயா என்று கேட்பதே முதலில் வேண்டியது. கர்ப்பத்தின் வயது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. உறவு நடந்த நாளிலிருந்து எண்ணும் குடும்பம் ஏறக்குறைய இரண்டு வாரம் குறைத்தே கணக்கிட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்து வருவது மருந்துக்கடை மாத்திரை. கருக்கலைப்பு மாத்திரைகளை ஒன்பது வாரத்துக்குள், மருத்துவர் பரிசோதித்த பிறகே எடுக்க வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிர் போகலாம். ஏற்கெனவே இரத்தசோகையுள்ள பெண்ணுக்கு வீட்டிலேயே உதிரப்போக்கு மிகுந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தெரிந்தே இந்த வழிக்குக் குடும்பங்கள் போவதற்குக் காரணம், மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும், பெயர் ஊரெல்லாம் நாறும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு ஓரளவு விடை இருக்கிறது; அது பலருக்குத் தெரியாததுதான் துயரம். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், பதினெட்டு வயது நிறையாத பெண் என்றால் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதுமானவை. பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு நிறையாத பெண்ணின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமாகாது என்பதால், காதல் என்றாலும் தகவல் தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. ஆனால் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவளது பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. மருத்துவமனையில் இதைத் தயங்காமல் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

மானம் காக்க அவசரமாகத் தாலி கட்டி வைப்பது இன்னொரு தவறு. அது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி இன்னொரு குற்றத்தைச் சேர்க்கும். நடத்தி வைத்தவர்களுக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. பதினெட்டு நிறையாத மனைவியுடன் கொள்ளும் உறவும் வன்புணர்ச்சியே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், தாலி யாரையும் வழக்கிலிருந்து காப்பாற்றாது. கர்ப்பிணிகளுக்கான அரசின் 'பிக்மி' பதிவுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது வயது எப்படியும் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து பதிவையே தள்ளிப்போட்டால் இரத்த அழுத்தமும் இரத்தசோகையும் கவனிக்கப்படாமல் போகும். பதின்வயதுத் தாய்மாருக்கு வலிப்பாக முற்றும் இரத்த அழுத்தமும், அவர்களின் குழந்தைகளுக்கு எடைக்குறைவும் குறைப்பிரசவமும் கூடுதலாக வருகின்றன என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது.

கலைப்பதா, பெறுவதா என்பதைப் பெரியவர்கள் தமக்குள்ளேயே பேசி முடிப்பதும் நடக்கிறது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024இல், கருவுற்றவளின் விருப்பமே முதன்மையானது என்றும், சிறுமியின் கருத்து காப்பாளரின் கருத்திலிருந்து வேறுபட்டால் நீதிமன்றம் அவள் தரப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. அவளைக் கேட்காமல் முடிவெடுத்த வீடு, பிறகு எத்தனை அன்பு காட்டினாலும் அவள் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம்.

கடைசியாகப் பள்ளி. கர்ப்பம் எப்படி முடிந்தாலும், அந்தப் பெண் மீண்டும் வகுப்புக்கு வர வேண்டியவள். மற்ற பிள்ளைகளைக் கெடுத்துவிடுவாள் என்று சொல்லிப் பெற்றோரிடம் மாற்றுச் சான்றிதழை நீட்டுவது, அவளை மறுபடியும் அதே வீட்டுக்குள், பல நேரம் அதே ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் அடைத்துவிடும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத வழியிருப்பது உண்மைதான்; அவளாகக் கேட்டால் அந்த வழியைச் சொல்லுங்கள், அதுவரை அவள் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கட்டும்.