வாறுகாலை முழுசாகக் கட்ட வைத்தோம்
தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய பேரூராட்சி எங்களுடையது. தெரு வாறுகாலை, அதாவது சாக்கடைத் தண்ணீர் ஓடும் கால்வாயை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "வேலை முடிஞ்சாச்சு அண்ணாச்சி, பில்லும் பாஸாயிருச்சு" என்றார் அலுவலர். சாரல் காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் வரும், அவருக்கென்ன!

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இல் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "ஏன் முடிக்கவில்லை" என்று கேட்டால் மழுப்புவார்கள். ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். பணி ஆணை, மதிப்பீடு, முக்கியமாக, கட்டிய வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல். 30 நாளில் பதில் இல்லை. 19(1)இல் மேல்முறையீடு போட்டதும் நகல் வந்தது. கடைசி வீடு வரை கட்டியதாக நீளம் எழுதி, கீழே கையெழுத்து!

பக்கத்து வீட்டு அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடிக்க, அளந்து, கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். மீதியைக் கட்டினார்கள். கையெழுத்துப் போட்டவர் மேல் எடுத்த நடவடிக்கையின் நகல் கேட்டு அடுத்த மனு போட்டிருக்கிறேன்.